0.1 சதவீதத்துக்கு எதற்குக் கரிம வரி?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: "உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் சிங்கப்பூரின் பங்கு 0.1 சதவீதம்தான். சீனாவும் அமெரிக்காவும் இந்தியாவும் ஆலை ஆலையாகக் கட்டி ஊதித் தள்ளும்போது நாம் எதற்குக் கரிம வரி கட்டவேண்டும்? முதலில் இந்த எண்களை யார் அளக்கிறார்கள், நம்பலாமா?" பார்த்தால் வரியைப் பற்றிய புலம்பல் மாதிரி இருக்கிறது. ஆனால் கடைசியில் போகிறபோக்கில் கேட்டீர்களே, நம்பலாமா என்று, அதுதான் உண்மையான கேள்வி. அதற்குள் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது: ஒரு டன் வாயு மேலே போனால் அதை யார் பேரில் எழுதுவது? அந்த இரண்டுக்கும் பதில் சொன்னால் வரி விஷயம் தானாக இடத்துக்கு வந்துவிடும்.

என்னைப் பற்றி ஒரு வரி. ஜூரோங் தீவில் ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலையில் இருபத்திரண்டு ஆண்டுகள் அளவுக் கருவிகளைக் கவனிக்கும் இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் இருந்தேன். அதற்குப் பிறகு ஆலைகள் கொடுக்கும் உமிழ்வு அறிக்கைகளைச் சரிபார்க்கும் வேலை. ஆகவே குழாய், மீட்டர், கணக்கு, இந்த மூன்றைப் பற்றித் தைரியமாகப் பேசுவேன். பருவநிலை ஆராய்ச்சியோ பொருளாதாரமோ நான் படித்ததல்ல. அந்தப் பக்கம் போகும்போது சொல்லிவிட்டுப் போகிறேன்.

பலர் நினைப்பதுபோல யாரும் புகைபோக்கியில் ஏறி வாயுவை அளப்பதில்லை. சில ஆலைகளில் புகைபோக்கியிலேயே கருவி உண்டு, ஆனால் பெரும்பாலான கணக்கு உள்ளே போகும் எரிபொருளை வைத்துத்தான். கார்பன் எங்கும் மறைந்துபோகாது. எரிவாயுவில் எத்தனை கிலோ கார்பன் உள்ளே போனதோ, அத்தனையும் ஏதாவது வடிவத்தில் வெளியே வந்தாகவேண்டும். 12 கிலோ கார்பன் முழுதாக எரிந்தால் 44 கிலோ கரியமில வாயு. காற்றிலிருந்து ஆக்சிஜன் வந்து சேர்ந்துகொள்வதால் எரித்ததைவிட வெளியே வருவதுதான் கனம். பழைய அடுக்குமாடிகளில் இன்னமும் வைத்திருக்கிறோமே, 12.7 கிலோ சமையல் எரிவாயு சிலிண்டர், அது ஒன்று தீர்ந்தால் சுமார் 38 கிலோ வாயு மேலே போயிருக்கும். ஒரு லிட்டர் டீசலுக்கு ஏறக்குறைய 2.7 கிலோ. இதில் ஊகம் எதுவும் இல்லை, பள்ளிக்கூட வேதியியல்தான். எண்ணெயும் எரிவாயுவும் காசு கொடுத்து வாங்கும் சரக்கு என்பதால் அளவைப் பற்றி வாங்குபவரும் விற்பவரும் இருவருமே உஷாராக இருப்பார்கள். அந்த உஷார்தான் நம் கணக்குக்குப் பெரிய காவல்.

ஆனால் ஆலைக்கு உள்ளேயே உண்டாகி உள்ளேயே எரியும் வாயுவுக்கு அந்தக் காவல் கிடையாது. சரிபார்க்கும் வேலையில் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன், இடம் பெயர் வேண்டாம். ஒரு உலைக்குப் போகும் எரிவாயுக் குழாயில் ஓரிஃபிஸ் பிளேட் இருந்தது. நடுவில் துளை போட்ட வட்டத் தகடு, அவ்வளவுதான். அதற்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தை வைத்து எவ்வளவு வாயு ஓடுகிறது என்று கணக்கிடுவோம். துளையின் ஒரு பக்கம் விளிம்பு கூராக இருக்கும், மறுபக்கம் சரித்துச் செதுக்கியிருக்கும். கூர் விளிம்பு வாயு வரும் திசையைப் பார்க்கவேண்டும். பராமரிப்புக்காகக் கழற்றியவர்கள் திரும்ப மாட்டும்போது திருப்பி மாட்டிவிட்டார்கள். சரிவு முன்னால் வந்ததும் வாயு சிரமமில்லாமல் வழுக்கிக்கொண்டு போகிறது, அழுத்த வித்தியாசம் குறைகிறது, மீட்டர் குறைவாகக் காட்டுகிறது. எத்தனையோ மாதம் யாருக்கும் தெரியவில்லை. உலையின் வெப்பத்துக்கும் எரிபொருளின் அளவுக்கும் பொருத்தம் இல்லையே என்று இடித்தபோதுதான் குழாயைப் பிரித்தார்கள். தகட்டின் கைப்பிடியில் எந்தப் பக்கம் முன்னால் என்று முத்திரையே குத்தியிருந்தது! ஏமாற்ற நினைத்த ஆள் ஒருவரும் அங்கே இல்லை. இந்த மாதிரிப் பிழை பத்து சதவீதத்துக்கு மேலேகூடக் கணக்கைச் சாய்த்துவிடும். அதனால்தான் ஒரே எண்ணை இரண்டு வழியில் போட்டுப் பார்ப்பது எங்களுக்குப் பழக்கம்.

ஒரு நாட்டின் கணக்கும் இதே மாதிரிதான், தகடு மட்டும் பெரியது. உலகம் முழுவதும் எண்ணெய், நிலக்கரி, எரிவாயு, சிமெண்ட் இவற்றால் ஆண்டுக்குச் சுமார் 3,700 கோடி டன் கரியமில வாயு வெளியேறுகிறது. இதில் ஐந்து சதவீதம் அப்படி இப்படி இருக்கலாம் என்று கணக்குப் போடுபவர்களே சொல்கிறார்கள். காடு அழிப்பால் வருவதோ பெரிய மூடுபனி. அங்கே பிழையே மொத்தத்தில் பாதிக்கு மேல் வரும். நிலக்கரி இரண்டுக்கும் நடுவில். டன் கணக்கு தெரிந்தாலும் அந்தக் கரியில் கார்பன் எவ்வளவு, சாம்பல் எவ்வளவு என்பது சுரங்கத்துக்குச் சுரங்கம் மாறும். 2015இல் நேச்சர் இதழில் வந்த ஒரு ஆய்வு, சீனா எரிக்கும் நிலக்கரியில் கார்பன் பொதுவாக எடுத்துக்கொள்ளும் அளவைவிட மிகக் குறைவு என்று மாதிரிகளை எடுத்துப் பார்த்துச் சொன்னது. அதன்படி 2013ஆம் ஆண்டுக்கான சீனக் கணக்கு சுமார் 14 சதவீதம் இறங்கியது. அதே 2015இல்தான் சீனா தன் நிலக்கரிப் பயன்பாட்டுப் புள்ளிவிவரத்தை மேல்நோக்கித் திருத்தியதும் வெளியே வந்தது. ஒன்று கீழே இழுக்கிறது, இன்னொன்று மேலே தள்ளுகிறது. ஆகவே "சீனா மொத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு" என்பதை நம்புங்கள். புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் போட்டு யாராவது எழுதினால் கொஞ்சம் சிரித்துக்கொள்ளுங்கள்.

சரி, ஆலைகள். மின்சாரத்தைச் சேர்க்காமல் ஆலைகள் நேரடியாக வெளியிடுவது ஆண்டுக்குச் சுமார் 900 கோடி டன், மொத்தத்தில் கால்வாசி. அதிலும் எழுபது சதவீதம் போல இரும்பு, சிமெண்ட், ரசாயனம் என்ற மூன்றே துறைகளிலிருந்து வருகிறது. இவை ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கின்றன என்பதற்குச் சிமெண்டைப் பார்த்தால் போதும்.

ஊரில் சுண்ணாம்புக் காளவாய் பார்த்தவர்கள் இங்கே யாராவது இருப்பீர்கள். கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ கரியோடு அடுக்கி எரிப்பார்கள். போட்ட கல்லைவிட எடுத்த சுண்ணாம்பு எடை குறைந்திருக்கும். 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக் கல்லுக்கு 56 கிலோ சுண்ணாம்பு. மீதி 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விட்டது. அந்த 44 கிலோ விறகிலிருந்தோ கரியிலிருந்தோ வந்ததல்ல, கல்லுக்குள் இருந்தே வந்தது. சிமெண்ட் சூளை 1,450 டிகிரியில் சுழலும் ராட்சதக் காளவாய். அரியலூர் பக்கம் போனால் அந்தக் கல்லும் அதைச் சுற்றி எழுந்த ஆலைகளும் கண்ணில் படும். சூளையைச் சூரிய சக்தியில் சூடாக்கினாலும் கல்லுக்குள் இருக்கும் வாயு வரத்தான் செய்யும். சிமெண்ட் துறையின் உமிழ்வில் சுமார் அறுபது சதவீதம் இப்படிக் கல்லிலிருந்தே வருகிறது. உலகம் ஆண்டுக்கு 400 கோடி டன் சிமெண்ட் செய்கிறது, பாதிக்குக் கொஞ்சம் குறைவாகச் சீனாவில். மொத்தக் கரியமில வாயுவில் சிமெண்டின் பங்கு ஆறிலிருந்து எட்டு சதவீதம் என்று சொல்வார்கள். எதைச் சேர்க்கிறோம், எதை விடுகிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சுவருக்கு அடித்த சுண்ணாம்பு ஏன் இறுகுகிறது? காற்றிலிருந்து அதே கரியமில வாயுவைத் திரும்ப இழுத்து மறுபடி கல்லாகிறது. கான்கிரீட்டும் அப்படித்தான், ஆனால் மேல்தோலிலிருந்து மெதுவாக, பல பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டு. உலகில் இதுவரை கட்டிய கட்டடங்கள் எல்லாம் சேர்ந்து கணிசமான அளவைத் திரும்ப வாங்கிக்கொள்கின்றன என்று 2016இல் ஒரு ஆய்வு சொன்னது. வாங்குகின்றன என்பது உறுதி. எவ்வளவு என்பதுதான் தகராறு. சுவரின் தடிமன், பூச்சு, ஈரப்பதம், இடித்த பிறகு ஜல்லியை எப்படிக் குவித்து வைக்கிறார்கள் எனப் பல விஷயம் அதில் இருக்கிறது. கார்பன் உள்ளே போகப் போகக் கம்பி துருப்பிடிக்கும் என்பதால் கட்டடப் பொறியாளர்களுக்கு இந்தச் செய்தியில் அவ்வளவு மகிழ்ச்சியும் இல்லை.

இரும்பின் கதை கொஞ்சம் வேறு. தாதுவில் இரும்பும் ஆக்சிஜனும் பிணைந்திருக்கின்றன. அந்த ஆக்சிஜனைப் பிடுங்க நிலக்கரியிலிருந்து செய்த கோக் வேண்டும். அதாவது கரி அங்கே வெறும் விறகு அல்ல, ரசாயன மருந்தும் அதுதான். ஊதுலை வழியாக ஒரு டன் எஃகு செய்தால் இரண்டு டன்னுக்கு மேல் கரியமில வாயு. உலகம் செய்வது ஆண்டுக்கு 190 கோடி டன்னை ஒட்டி. பழைய இரும்பை மின்வில் உலையில் உருக்கினால் அதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது, மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து இன்னும் குறையும். நம் ஜூரோங்கில் 1960களிலிருந்து இதைத்தான் செய்கிறார்கள். உடைத்த கப்பலும் பழைய காரும் கட்டடக் கம்பியாகின்றன. எல்லோரும் இப்படியே செய்யலாமே என்றால், உலகத்தில் அவ்வளவு பழைய இரும்பு இல்லை. இப்போதுதான் கட்டிக்கொண்டிருக்கும் நாட்டில் இடிக்க என்ன இருக்கும்? கரிக்குப் பதில் ஹைட்ரஜனால் ஆக்சிஜனைப் பிடுங்குவது சுவீடனில் நடந்துகாட்டியிருக்கிறது, 2021இலேயே அப்படிச் செய்த எஃகு வாடிக்கையாளர் கைக்குப் போனது. செய்ய முடியும் என்பதில் சந்தேகமில்லை. விலை கட்டுப்படியாகுமா என்பதில் எனக்கு நிறையச் சந்தேகம்.

உரம் பற்றி ஒரு வார்த்தை: அம்மோனியாவுக்கு வேண்டிய ஹைட்ரஜனை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் பிரிப்பதால் அங்கும் ஆண்டுக்குச் சுமார் 45 கோடி டன் போகிறது. நாம் தின்னும் சோற்றில் பாதி அந்த உரத்தில் விளைந்தது, அதனால் அதை நிறுத்து என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

இப்போது யார் பேரில் எழுதுவது என்ற விஷயம். எந்த மண்ணில் புகை எழுந்ததோ அந்த நாட்டுக்கணக்கில் எழுதவேண்டும் என்பது ஐநா ஒப்பந்தத்தின் விதி. எளிமையான விதி, சண்டை குறையும். ஆனால் நம்மைப் போன்ற ஊருக்கு இந்த விதி விசித்திரமான வேலையெல்லாம் செய்யும். சிங்கப்பூரில் சுண்ணாம்புக் கல்லும் இல்லை, சிமெண்ட் சூளையும் இல்லை. அரைத்த சிமெண்ட் கப்பலில் வந்து ஜூரோங் துறைமுகத்தின் சிலோக்களில் இறங்குகிறது. நாற்பது மாடி வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டடம் எழும்புகிறது; அதற்கான சூளைப் புகை சிமெண்ட் செய்த நாட்டின் பேரில். நம் கணக்கில் கலவை லாரியின் டீசல் மட்டும்தான்.

இதைவிடப் பெரியது கப்பல் எண்ணெய். உலகிலேயே அதிகமாகக் கப்பல்களுக்கு எரிபொருள் நிரப்பும் துறைமுகம் நம்முடையது. 2024இல் இங்கே நிரப்பியது ஏறக்குறைய 5.5 கோடி டன். ஒரு டன் எரிந்தால் 3.1 டன் கரியமில வாயு என்று வையுங்கள். 17 கோடி டன் வருகிறது. சிங்கப்பூர் முழுவதும், வீடு, வண்டி, மின்நிலையம், ஜூரோங் தீவு எல்லாம் சேர்த்து, ஓராண்டில் வெளியிடுவது ஆறு கோடி டன்னை ஒட்டித்தான். கிட்டத்தட்ட மூன்று மடங்கு! அனைத்துலகக் கடல் பயணத்தில் எரிவது எந்த நாட்டின் மொத்தத்திலும் சேராது, தனியாக ஓரத்தில் குறித்து வைப்பார்கள். அதை நம் தலையில் கட்டவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கப்பலில் போகும் சரக்கு நம்முடையதல்ல. அதே நியாயத்தில், ஜூரோங் தீவில் 850 டிகிரி உலையில் எண்ணெயிலிருந்து பிரித்த நாஃப்தாவை உடைத்துச் செய்யும் எத்திலீனும் அதிலிருந்து பிறக்கும் பிளாஸ்டிக்கும் பெரும்பாலும் வெளியூருக்குத்தான் போகிறது, புகை மட்டும் நம் பேரில் நிற்கிறது. கோட்டை எங்கே கிழித்தாலும் ஒரு பக்கம் லாபம், ஒரு பக்கம் நட்டம். 0.1 சதவீதம் பொய் அல்ல. அது கோடு கிழித்த இடத்தின் எண்.

அதே ஆறு கோடி டன்னை இங்கே வாழும் தலைகளால் வகுத்தால் ஆளுக்குப் பத்து டன் வரும். இந்தியாவில் அது மூன்று டன்னை ஒட்டி. 1750இலிருந்து கூட்டிப் பார்த்தால் அமெரிக்கா மட்டுமே கால்வாசி. இப்படி மூன்று விதமாக எடுத்தால் குற்றவாளி மூன்று விதமாக மாறுவார். வாட்ஸ்அப்பில் வரும் வரைபடங்களில் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான்: மொத்தமா, தலைக்கா, வரலாறா?

வரிக்கு வருகிறேன். 2019இல் டன்னுக்கு 5 சிங்கப்பூர் வெள்ளி, 2024இல் 25, 2026இலிருந்து 45, 2030வாக்கில் 50 முதல் 80 வரை போகும் என்று அரசு சொல்லியிருக்கிறது. நீங்களும் நானும் நேராகக் கட்டுவதில்லை. ஆண்டுக்கு 25,000 டன்னுக்குக் குறையாமல் வெளியிடும் ஆலைகளும் மின்நிலையங்களும் கட்டுகின்றன, சுமார் ஐம்பது இடம். நமக்கு வருவது மின்கட்டணம் வழியாக. நம் மின்சாரத்தில் 95 சதவீதம் இயற்கை எரிவாயுவில் வருவதால் ஒரு யூனிட்டுக்கு 0.4 கிலோ போலக் கரியமில வாயு. டன்னுக்கு 25 வெள்ளி என்றால் யூனிட்டுக்கு ஒரு காசு, 45 வெள்ளி என்றால் 1.8 காசு. மாதம் 370 யூனிட் ஓடும் நான்கறை வீட்டில் ஆறேழு வெள்ளி. வீவக வீடுகளுக்கு அரசு கொடுக்கும் யு-சேவ் கட்டணத் தள்ளுபடி அதில் ஒரு பகுதியை ஈடு செய்யும். கட்டணம் இதைவிட அதிகமாக ஏறியிருந்தால் காரணம் பெரும்பாலும் எரிவாயு விலை, வரி அல்ல.

நம்முடைய வரி உலகத்தைக் குளிரச் செய்யுமா என்றால், இல்லை. அந்த அளவில் உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஐரோப்பிய ஒன்றியம் 2026 முதல் எஃகு, சிமெண்ட், அலுமினியம், உரம் போன்றவை எல்லையில் நுழையும்போது அவற்றின் கரிமத்துக்குக் காசு கேட்கிறது. செய்த நாட்டில் ஏற்கெனவே கட்டியிருந்தால் அதைக் கழித்துக்கொள்ளலாம். நாம் வசூலிக்காததை அவர்கள் வசூலிப்பார்கள் என்று அர்த்தம். நம்முடைய பெட்ரோகெமிக்கல் சரக்கு இன்னும் அந்தப் பட்டியலில் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். என் சொந்தக் கருத்து, பொருளாதாரம் படிக்காதவனின் கருத்தாகவே எடுத்துக்கொள்ளுங்கள்: ஆலைக்குள் வரி வேலை செய்வதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். 5 வெள்ளி காலத்தில் ஆவிக்குழாயில் கசியும் ஸ்டீம் டிராப்பை (ஆவியை விடாமல் தண்ணீரை மட்டும் வெளியேற்றும் வால்வு) மாற்றக் கேட்டால் "அடுத்த ஷட்டவுனில் பார்க்கலாம்" என்பார்கள். 25 வெள்ளி ஆனதும் அதே ஆட்கள் பட்டியல் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினார்கள். வெளிநாட்டுப் போட்டியைச் சமாளிக்கப் பெரிய ஆலைகளுக்குத் தரப்படும் சலுகை ஒதுக்கீடு அந்த வேகத்தைக் கொஞ்சம் மழுங்கடிக்கிறது. ஆலைகள் இடம் மாறிப் போய்விடாமல் இருக்க அது தேவை என்பதும் புரிகிறது.

வாயுவைப் பிடித்துப் பூமிக்கடியில் புதைத்துவிடலாமே என்றும் கேட்டிருந்தீர்கள். முடியும். நார்வே 1991இல் கடல் எண்ணெய்த் தொழிலுக்குக் கரிம வரி போட்டது. அதைத் தவிர்க்கத்தான் ஸ்லெய்ப்னர் எரிவாயுக் களத்தில் 1996 முதல் அந்த வாயுவைக் கடலடிப் பாறையில் செலுத்தி வருகிறார்கள், தொடக்க காலத்தில் ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னை ஒட்டி. அதே நார்வேயில் பிரெவிக் சிமெண்ட் ஆலை 2025இலிருந்து ஆண்டுக்கு 4 லட்சம் டன் பிடிக்கும் வசதியோடு இயங்குகிறது. காளவாய்க் கணக்கு தெரிந்தவர்களுக்கு அந்த ஆலை ஏன் முக்கியம் என்று புரியும்: கல்லிலிருந்து வரும் வாயுவுக்கு வேறு வழி குறைவு. ஆனால் உலகம் முழுக்கப் பிடிக்கும் திறன் ஆண்டுக்கு ஐந்து கோடி டன் போல, வெளியேறுவது 3,700 கோடி. நமக்கோ புதைக்கத் தகுந்த பாறை இல்லை. அதனால்தான் 2024இல் இந்தோனேசியாவோடு பேச்சு வார்த்தையை முறையாகத் தொடங்கினார்கள். பாறையடிச் சேமிப்பு நூறாண்டு தாங்குமா என்று என்னைக் கேட்காதீர்கள், நிலவியலாளரைக் கேளுங்கள்.

கடைசியாக, வெஸ்ட் கோஸ்ட் பூங்காவிலிருந்து ராத்திரியில் தெரியும் அந்த நெருப்புக்கு வரி உண்டா என்று கேட்டிருந்தீர்கள். உண்டு. அது ஃபிளேர், ஆலையில் அழுத்தம் கூடினாலோ இயந்திரம் திடீரென்று நின்றாலோ மிஞ்சும் வாயுவைப் பத்திரமாக எரிக்கும் இடம். அதற்குள் போகும் வாயுவையும் மீட்டர் வைத்துக் கணக்கில் சேர்க்கவேண்டும். ஆனால் அதில் எவ்வளவு முழுதாக எரிகிறது என்பதைப் பொதுவாக அளப்பதில்லை, 98 சதவீதம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். அமெரிக்க எண்ணெய் வயல்களின் மேல் விமானத்தில் பறந்து அளந்தவர்கள், அணைந்து கிடந்தவற்றையும் சேர்த்து, 91 சதவீதம்தான் என்று 2022இல் சொன்னார்கள். எரியாமல் போவது மீத்தேன் என்றால் நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு சூடேற்றும். வயல்வெளி ஃபிளேரும் ஜூரோங் தீவு ஃபிளேரும் ஒன்றல்ல, இங்கே ஆள் இருபத்து நான்கு மணி நேரமும் கேமராவில் பார்த்துக்கொண்டிருப்பார். இருந்தும் அறிக்கையில் அந்த 98ஐப் பார்க்கும்போதெல்லாம் என் பேனா ஒரு நொடி நிற்கும். ஓரத்தில் கரும்புகை வால் பிடித்தால் புகையைக் குறைக்க ஊதும் நீராவி போதவில்லை என்று அர்த்தம். கட்டுப்பாட்டு அறையில் யாரோ ஒருவர் அந்த நேரத்தில் வால்வைத் திறந்துகொண்டிருப்பார்.